மூன்றாவது கியர்

கெமியார்வியில் பனி ஹாக்கித் திடலுக்குப் பின்னால்
வண்டி நிறுத்தும் இடத்தில் வரிசையாய்க் கம்பங்கள்.
இடுப்புயரம். தலையில் ஒரு தகரப் பெட்டி.
பெட்டிக்குள் இரண்டு பிளக், இரண்டு கடிகாரக் குமிழ்.
எஞ்சினுக்குக் குளிர் ஏறாமல் இருக்க
பெட்ரோல் வண்டியும் டீசல் வண்டியும்
ராத்திரியெல்லாம் ஒயரில் கட்டிக் கிடக்கும் ஊர் இது.

தைமி அன்று அதைத்தான் சொன்னாள்:
"ஐம்பது வருஷமாகக் கரண்டு வைத்துத்தானே கிளப்புகிறீர்கள்.
ஒப்புக்கொள்ளத்தான் வெட்கம்."

யோர்மாவுக்குக் கோபம் வந்தால்
கையுறையைக் கழற்றுவான்.
கழற்றினான். மைனஸ் முப்பத்தொன்று.
"ஐந்து சிலிண்டர்" என்று ஐந்து விரலையும் காட்டினான்.
"நாலும் ஆறும் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.
ஐந்தில் ஒரு நொண்டல் உண்டு.
அந்த நொண்டல்தான் தாளம்.
உன் வண்டியில் என்ன இருக்கிறது?
மிக்ஸியில் இருப்பது."

"மிக்ஸி முதல் நொடியிலேயே அரைக்கும்.
உன் டர்போ விழித்து, முகம் கழுவி,
காபி குடித்துவிட்டு வரும்."

அர்வி இடையில் புகுந்தான். அவன் எப்போதும் புகுவான்.
முன்சக்கரம் இழுத்தால் வண்டி கெஞ்சுகிறதாம்,
பின்சக்கரம் தள்ளினால்தான் முடிவெடுக்கிறதாம்.
அந்த முடிவு வழுக்காமல் இருக்க
டிக்கியில் இரண்டு மூட்டை சரளைக்கல் சுமக்கிறான்
என்பதை மட்டும் சொல்லவில்லை.

செய்ஜா விவரக்காரி, கணக்கோடு வருவாள்.
"காகிதத்தில் நானூறு. இந்தக் குளிரில் இருநூற்றுப் பத்து.
ஹீட்டர் போட்டால் நூற்றெண்பது."
"நூற்றெழுபத்திரண்டு" என்றாள் தைமி.
சொந்த வண்டியின் குறையை
இப்படித் திருத்திச் சொல்லி நான் யாரையும் பார்த்ததில்லை.

சத்தமே இல்லாத வண்டிக்குப் பனிமான் ஒதுங்காது என்றான் அர்வி.
பனிமான் எந்த வண்டிக்கு ஒதுங்கியிருக்கிறது?
அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தோம்.

நானா? ஹைப்ரிட்.
இரண்டு கட்சியும் என்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பேச்சு முடிகிறபோதுதான் தெரிந்தது
பதினாலாம் கம்பத்தில் ஒரு பிளக் செத்துக் கிடப்பது.
யோர்மாவுக்கும் தைமிக்கும் பொதுவான கம்பம்.
மீதி எல்லாக் கம்பத்திலும் யாரோ ஒருவருடைய ஒயர்.
யோர்மா குனிந்தான், தன் ஒயரைப் பிடுங்கினான்.
"போய் உன் மிக்ஸிக்குப் போட்டுக்கொள்."
தர்மம் இல்லை அது. சுத்தமான வீம்பு.
அப்படித்தான் அப்போது நினைத்தேன்.
அவள் வீடு இருபத்தாறு கிலோமீட்டர் தள்ளி
என்பது அவனுக்கும் தெரியும்.

காலையில் டீசல்
ஒருமுறை உறுமியது,
ஒருமுறை முனகியது,
பிறகு ரிலே தட்டும் சத்தம் மட்டும்.
யோர்மா பானெட்டைத் திறக்கவில்லை.
திறந்தால் நாங்கள் எட்டிப் பார்ப்போம்.

தைமி ஒன்றும் பேசவில்லை.
கொக்கியை மாட்டினாள், கயிற்றை மாட்டினாள்,
கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கட்டைவிரல் உயர்த்தினாள்.
கயிறு விறைத்தது. முன்னால் சத்தமே இல்லை.
எதுவோ கூப்பிட்டதைப் போல
ஒன்றேமுக்கால் டன் இரும்பு நகரத் தொடங்கியது.
இறுகிய பனியில் டயர்கள் கிறீச்சிட்டன.
டயர் மட்டும்தான்.
கண்ணாடிக்குப் பின்னால் யோர்மாவின் முகம்
பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவனுடையது.

திடலை ஒரு சுற்று. பாதிச் சுற்று.
கிளட்ச்சை விட்டான்.
வண்டி முட்டுக்கட்டையில் இடித்தது போல் குலுங்கி
கருப்பாய் ஒரு தும்மல் தும்மி
ஐந்து சிலிண்டரும் ஒவ்வொன்றாக வேலைக்கு வந்தன,
நாலாவது கொஞ்சம் தாமதமாக.

நாங்கள் கை தட்டினோம். கையுறையோடு தட்டினால்
தலையணை அடிப்பது போலக் கேட்கும்.

யோர்மா ஜன்னலை இறக்கினான்.
பாதிதான் இறங்கியது, மீதி உறைந்திருந்தது.
அந்தப் பாதி வழியே தலையை நீட்டி
ஊருக்கே கேட்கக் கத்தினான்:
"மூன்றாவது கியரில் விட்டேன், பார்த்தீர்களா?
இரண்டாவது என்றால் சக்கரம் பூட்டியிருக்கும்!"

தைமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
"எனக்குக் கியரே கிடையாது" என்றாள்,
அவனுடைய எஞ்சின் சத்தத்தில்
அவனுக்குக் கேட்காமல்.